புலி பொறித்த கேடயம்

கேடயத்தில் தீட்டிய உருவைக் கொண்டு போர்வீரரை இனங்காணும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருப்பெற்றது. விரைவிலேயே அது தந்தைவழி மகனுக்குச் சேரும் குலச்சின்னமாயிற்று. முஸ்லிம் உலகிலும் இதற்கு இணையான மரபொன்று இருந்தது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் அதனை ‘ரன்க்’ என்றனர். சுல்தான் பைபர்ஸின் (1260–1277) சின்னம் சிங்கம். அமீர்களின் சின்னங்களோ பெரும்பாலும் அவர்கள் வகித்த பதவியைச் சுட்டின: பானம் பரிமாறுவோருக்குக் கிண்ணம், செயலருக்கு எழுதுகோற்பெட்டி.

நம் பகுதியோடு நெருங்கிய தொடர்புடைய சின்னம் திப்பு சுல்தானின் புலி. திருப்பத்தூரை உள்ளடக்கிய பாராமகால் 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்புவின் அரியணை, சீருடை, படைக்கலம் யாவற்றிலும் புலியோ புலிவரியோ இடம்பெற்றது. ‘அஸதுல்லாஹில் ஃகாலிப்’ (வெற்றிகொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம்) என்னும் தொடர் புலிமுக வடிவில் எழுதப்பட்டது. இது அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் சிறப்புப் பெயர். திப்புவின் தந்தை பெயரான ‘ஹைதர்’ என்பதற்கும் சிங்கம் என்றே பொருள். இவ்வாறு மார்க்கப் பற்றும் குடும்பப் பெயரும் ஆட்சியுரிமையும் ஒரே உருவில் இணைந்தன.

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து ஆம்பூர் வழியே மைசூர் நோக்கிச் சென்றது. மே 4ஆம் நாள் திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தார். அவ்வெற்றிக்காக வார்க்கப்பட்ட பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. மேலே பறக்கும் கொடியில் அதே அரபுத் தொடர்! திப்புவின் வாசகமே அவருக்கு எதிராகத் திருப்பப்பட்டது. 1815இல் பிரபுவாக்கப்பட்ட ஹாரிஸின் குலச்சின்ன உச்சியில் முடிசூடிய புலியொன்று நிற்கிறது. அதன் மார்பில் அம்பு தைத்திருக்கிறது. நெற்றியில் ‘ஹைதர்’ என்னும் பெயர் பாரசீக எழுத்தில் காணப்படுகிறது.

இடையில், 1806இல், வேலூர்க் கோட்டை வேறொரு பாடம் சொன்னது. சமயக் குறிகளை நீக்கவும், தாடியைத் திருத்தவும், தோற்குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை அணியவும் சிப்பாய்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். தங்கள் அடையாளங்களைப் பறித்து அந்நியச் சின்னத்தைத் தலையிலேற்றும் முயற்சியாகவே அவர்கள் இதைக் கண்டனர். ஜூலை 10ஆம் நாள் கிளர்ந்தெழுந்து, கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினர். திப்புவின் மக்கள் அப்போது அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். எழுச்சி அன்றே கொடூரமாக ஒடுக்கப்பட்டது. திப்பு குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆயினும் அந்தத் தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது.

வென்றவர் தம் பெருமைக்காகத் தீட்டிய சின்னம், வீழ்ந்தவரின் பெயரையும் காத்து நிற்கிறது. கல்வெட்டையும் நாணயத்தையும் வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் நாம், கொடியையும் கேடயத்தையும் அவ்வாறே படிக்கப் பழக வேண்டும்.