38 கிலோ மானிட்டர்

ஹோல்டர் மானிட்டர் என்றதும் எதையோ பிடித்து வைக்கும் கருவி என்று நினைத்துவிடாதீர்கள் நண்பர்களே, அது ஒரு மனிதரின் பெயர்! நார்மன் ஜெஃப்ரிஸ் ஹோல்டர், அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ஹெலனா நகர்க்காரர். டாக்டர் அல்ல, உயிர் இயற்பியலாளர்.

படுக்க வைத்துச் சில நொடிகள் எடுக்கும் இசிஜி அவருக்குப் போதவில்லை. மனிதன் நாளெல்லாம் படுத்தா கிடக்கிறான்? எப்போதோ ஒருமுறை தடுமாறும் துடிப்பு சரியாக அந்த நேரம் பார்த்தா வரும்?

1940களின் இறுதியில் அவர் உருவாக்கிய முதல் கருவியின் எடை சுமார் 38 கிலோ. அதை முதுகில் சுமந்துகொண்டு நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்தார். இதயத்தின் சிக்னல் ரேடியோ வழியே போனது. (நமக்குப் புத்தகப் பையே கனக்கிறது...) டிரான்சிஸ்டர் வந்தபின் கருவி சுருங்கியது. 1961ல் சயின்ஸ் இதழில் தன் முறையை விளக்கி எழுதினார்.

இன்று அது உள்ளங்கையில் அடங்கிவிடும். குளித்துவிட்டு, மார்பில் பவுடர், கிரீம் எதுவும் பூசாமல் போக வேண்டும். முடி இருந்தால் மழித்து எலெக்ட்ரோடுகளை ஒட்டுவார்கள். பிறகு பெரும்பாலும் 24 மணி நேரமாவது குளியல் கிடையாது. ஆனால் பயந்துபோய்ப் படுத்தே கிடந்தால் மாட்டியதே வீண். வழக்கமான வேலைகளைச் செய்தாக வேண்டும். மாடி ஏறிய நேரம், படபடத்த நேரம் எல்லாம் குறித்துவைக்க ஒரு தாளும் கொடுப்பார்கள்.