கிர்மிட் - ஒரு அக்ரிமெண்டின் கதை

'அக்ரிமெண்ட்'ங்கற வார்த்தை வடக்கே கிராமத்து வாயில் புகுந்து புறப்பட்டு 'கிர்மிட்' ஆயிடுச்சு. பிஜித் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவங்களுக்கு அதனால்தான் 'கிர்மிட்டியா'ன்னு பேர். 1879-லிருந்து 1916 வரை 60,000 பேருக்கு மேல் இப்படிக் கப்பல் ஏறியிருக்காங்க. 1903-லிருந்து நம்ம சென்னையிலிருந்தும். பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைச்சு அழுது ஒரு பாட்டு எழுதினாரே, அது இந்த பிஜி கதைதான்.

அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1834-லேயே அமலுக்கு வந்தாச்சு. ஆனா கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமே? அதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் இந்த 5 வருஷ ஒப்பந்தம்.

எப்படி ஆள் பிடிச்சாங்க? தோதாராம் சனாட்யான்னு ஒருத்தர் தன் சொந்தக் கதையையே சொல்லியிருக்கார். 1893-ல் வேலை தேடி அலகாபாத்தில் அலைஞ்சுக்கிட்டிருந்தவர்கிட்ட ஒரு ஆள் தானா வந்து பேச்சு கொடுத்திருக்கான். நல்ல வேலை, கஷ்டமே கிடையாதுன்னு தேனா பேசியிருக்கான். அவன் ஒரு 'அர்க்காட்டி', அதாவது தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்கற புரோக்கர். அவன் கூட்டிட்டுப் போன வீட்டில் ஏற்கெனவே நூறு பேருக்கு மேல் இருந்தாங்க. மாஜிஸ்திரேட் கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு, இல்லேன்னா ஜெயில்தான்னு அங்கே பாடம். மாஜிஸ்திரேட்டும் பிஜி போகச் சம்மதமான்னு கேட்டதோட சரி. பிஜி எங்கே இருக்கு, அங்கே என்ன வேலைன்னு யாரும் சொல்லலை. 165 பேரோட பதிவு மளமளன்னு முடிஞ்சுது. கல்கத்தா டிப்போவுக்குப் போன பிறகு இவர் வரமாட்டேன்னு சொன்னதும், ஒரு அறையில் போட்டுப் பூட்டிப் பட்டினி போட்டிருக்காங்க.

ஆனா பேப்பர்ல எல்லாமே பக்கா! அரசாங்க முத்திரை, டாக்டர் பரிசோதனை, ஆணுக்கு நாளைக்கு 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். கொடுத்த வேலையை முழுசா முடிச்சாத்தான் அந்தக் கூலிங்கறதும், பலரால் முடிக்கவே முடியாத அளவுக்கு வேலை கொடுப்பாங்கங்கறதும் போனப்புறம்தான் தெரியும். வேலைக்கு வரலைன்னா கோர்ட்டு, அபராதம், ஜெயில். இதுக்குப் பேர் அக்ரிமெண்டாம்! (படிக்காம 'ஐ அக்ரீ' பட்டனைத் தட்டற நாம இதைச் சொல்லக்கூடாதுதான்.)

அடையாளமெல்லாம் அந்தப் பேப்பருக்கு வெளியேதான் இருந்திருக்கு. தானா தேடி வந்த புரோக்கர், மழுப்பலான வேலை விவரம், சொல்லிக்கொடுத்த பதில். மனசு மாறினா என்ன ஆகும்ங்கறது கடைசியாத்தான் தெரிஞ்சுது.

பழைய கதைன்னு விட முடியலை. 2022 செப்டம்பரில் நம்ம வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு சொல்லி, ஐ.டி. தெரிஞ்ச பசங்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி அடைச்சு வைக்கறாங்கன்னு. அங்கே இவங்களுக்குக் கொடுத்த வேலை ஆன்லைன் மோசடி. அடுத்த மாசமே மீட்கப்பட்ட தமிழ்நாட்டுக்காரர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினாங்க. நம்ம செட்டு ஆளுங்க சாமி! எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் ஏமாறுவாங்கன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க. டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே வந்ததும் மாத்திக்கலாம்னு ஒரு ஏஜெண்ட் சொன்னா, அவன் பேர் அரசாங்கத்தோட இ-மைக்ரேட் தளத்தில் இருக்கான்னு முதல்ல பாருங்க.

சனாட்யாவோட ஒப்பந்தம் 5 வருஷம்தான். ஆனா அவர் ஊர் திரும்ப 21 வருஷம் ஆச்சு. 1914-ல் வந்ததும் அத்தனையையும் சொல்லி ஹிந்தியில் புத்தகமா கொண்டுவந்தார். 1917-ல் ஆள் பிடிக்கறது நின்னுது. பிஜியில் மிச்சமிருந்தவங்களோட ஒப்பந்தம் ரத்தானது 1920 ஜனவரி 1-ந் தேதி.