சேவலான பிக் பென்

காட்டு மக்களைப் பற்றி ஊர் ஊராகப் போய் எழுதியவர்கள் ஏராளம். அந்த மக்கள் நம்மைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' (1894) கதைகள் பல, மத்தியப் பிரதேசத்துச் சியோனி மலைக்காடுகளில் நடப்பவை. அது கோண்ட் மக்களும் வாழும் பூமி. நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். மௌக்லியைத் தெரியும், கோண்டுகளைத் தெரியாது. பின்னால் வந்த ஆங்கிலேயர் வெரியர் எல்வின் அம்மக்களோடு வாழ்ந்து, பரிவோடு எழுதினார். ஆனாலும் பார்ப்பவர் வெள்ளைக்காரர், பார்க்கப்படுபவர் ஆதிவாசி என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

அதைச் சிரித்துக்கொண்டே மாற்றியவர் பஜ்ஜு ஷ்யாம். எல்வின் குடியிருந்த பாடன்கர் கிராமத்துக்காரர். இவருடைய தாத்தா எல்வினிடம் வேலை பார்த்தவர். பஜ்ஜு போபாலில் இரவுக் காவல்காரராக இருந்து, உறவினர் ஜங்கர் சிங் ஷ்யாமிடம் ஓவியம் கற்றார். அந்த ஜங்கரை உலகறியச் செய்தவர் யார் தெரியுமோ? 1928-ல் சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன், நம்மைப் போல வெளிமாநிலத் தமிழர்தான்! போபாலில் 1982-ல் திறக்கப்பட்ட பாரத் பவனில், நகரத்து ஓவியர்களுக்குச் சமமாகப் பழங்குடி ஓவியர்களையும் அமர்த்தினார்.

லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் படம் தீட்டப் போனார் பஜ்ஜு. திரும்பி வந்து வரைந்தவை, 2004-ல் சென்னை தாரா பதிப்பகம் வெளியிட்ட 'தி லண்டன் ஜங்கிள் புக்' ஆயின. தலைப்பே கிப்ளிங்குக்கு ஒரு குட்டு! பிக் பென் கோபுரம் அதில் சேவலாகிறது. கோண்டுகளுக்கு நேரம் சொல்வது சேவல்தானே? பாதாள ரயில் மண்புழு. விமானம் பறக்கும் யானை. தினம் ஏறிய பஸ், விசுவாசமான நாய். மாலையானால் மதுக்கடையில் கூடும் ஆங்கிலேயர்கள், மரத்தில் மொய்க்கும் வௌவால்கள்!

இதில் வசவு கிடையாது. அதுதான் விசேஷம். எல்வின் எழுதியதைப் போலவே, பார்த்ததைத் தனக்குத் தெரிந்த உவமைகளால் விளக்குகிறார், அவ்வளவே. ஆனால் அந்தப் படங்களுக்கு முன் நின்றால், விநோத ஜாதி நாம்தானோ என்று ஒரு விநாடி தோன்றிவிடுகிறது. கோபித்துக் கேட்டால் எதிராளியும் கோபிப்பான்; சிரித்துக் கேட்டால் யோசிப்பான்.

2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வடக்கே வந்த நம்மையெல்லாம் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கியபோது நமக்கு வலித்தது. அதே நாம் 'ஆதிவாசி' என்று சொல்லும்போது மனதில் என்ன படம் வருகிறது? இலை தழையும் வில் அம்பும்தானே? முதலில் அந்தப் படத்தைத்தான் மாற்றி வரைய வேண்டும்.