தமிழ்நாட்டின் டீசல் மின் நிலையங்கள்: திட்ட அறிக்கை முதல் ஒப்பந்தம் வரை

டீசல் எஞ்சின் பிறந்த சில ஆண்டுகளிலேயே மின்சார உற்பத்திக்கு வந்துவிட்டது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் ருடால்ஃப் டீசலின் எஞ்சினைச் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் பயனுள்ள வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் இதற்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தன. 1904-இல் கீவ் நகரின் டிராம்களுக்காக, 400 குதிரைத்திறன் கொண்ட நான்கு டீசல் எஞ்சின்களுடன் ஒரு மின் நிலையம் அமைந்தது.

தமிழகத்தில் பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் திட்டங்கள் வருவதற்கு முன், நகரங்கள் சிலவற்றில் தெருவிளக்கு எரிந்ததே எண்ணெய் எஞ்சின்களால்தான். மின்கம்பிகள் எட்டிய இடங்களில் அவை ஓய்வு பெற்றன. அதன்பின் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் மின்தடைக்கால உதவியாகவே டீசல் எஞ்சின் நீடித்தது.

1991-இல் மின் உற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது நிலைமை மாறியது. பற்றாக்குறை கடுமையாக இருந்தது. நிலக்கரி நிலையம் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்; எண்ணெய் எஞ்சின்களை அதைவிட விரைவில் நிறுவலாம். அப்படி எழுந்தவை மூன்று: சென்னை பேசின் பிரிட்ஜில் 200 மெகாவாட் நிலையம் (1999), சாமல்பட்டியிலும் மதுரை அருகே சமயநல்லூரிலும் தலா சுமார் 106 மெகாவாட் நிலையங்கள் (2001).

இத்தகைய நிலையம் ஒன்றுக்குச் சாத்தியக்கூறு அறிக்கை எழுதுவோர் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: மின்தேவை எவ்வளவு, எரிபொருள் எங்கிருந்து வரும், இடம் எது, தண்ணீர் உண்டா, ஒரு யூனிட்டின் விலை என்ன. பேசின் பிரிட்ஜுக்கு மணலி சுத்திகரிப்பு ஆலை பக்கம். மின்சாரத்தைப் பயன்படுத்தும் பெருநகரமும் அங்கேயே. நன்னீருக்குத் தவிக்கும் சென்னையில், குளிர்விப்புக்கு நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்த வழி செய்தார்கள். சாமல்பட்டியும் சமயநல்லூரும் ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள்.

அடுத்த படி கருத்துரு வடிவமைப்பு. எஞ்சின்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது இதன் முதல் வேலை. பேசின் பிரிட்ஜில் தலா 50 மெகாவாட் கொண்ட நான்கு எஞ்சின்கள். நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று மட்டுமே சுழலும் கப்பல் வகை இராட்சதங்கள். சாமல்பட்டியில் தலா 15 மெகாவாட் அளவில் ஏழு. மெதுவாகச் சுழலும் பெரிய எஞ்சின் எண்ணெயைச் சிக்கனமாக எரிக்கும்; ஆனால் ஒன்று நின்றால் நிலையத்தின் கால் பங்கு உற்பத்தி நின்றுவிடும். ஏழில் ஒன்று நின்றால் இழப்பு அந்த அளவுக்கு இராது.

எண்ணெயின் குணம் நிலையத்தின் பாதி அமைப்பைத் தீர்மானிக்கிறது. பேசின் பிரிட்ஜில் எரிந்தது பம்பில் கிடைக்கும் டீசல் அல்ல, எல்.எஸ்.எச்.எஸ். எனப்படும் கந்தகம் குறைந்த கன எண்ணெய். சூடாக வைத்திருக்காவிட்டால் அது தொட்டியிலேயே உறைந்துவிடும். ஆகவே தொட்டிகளுக்குள் நீராவிக் குழாய்ச் சுருள்கள் ஓட வேண்டும். பிறகு எண்ணெயை மேலும் சூடாக்கி, வேகமாகச் சுழலும் பிரிப்பான்களில் நீரையும் கசடையும் நீக்கி, மீண்டும் சூடேற்றிய பிறகே எஞ்சினுக்கு அனுப்ப முடியும். இதற்கு வேண்டிய நீராவியைப் புகைபோக்கிக்குச் செல்லும் வெப்பத்திலிருந்தே எடுக்கலாம். யூனிட்டுக்கு 200 கிராம் எண்ணெய் என்று வைத்தால், 200 மெகாவாட் நிலையம் முழுச்சுமையில் ஒரு நாளைக்குச் சுமார் 960 டன் எரிக்கும். சில நாள் இருப்புக்கே ஆயிரக்கணக்கான டன் கொள்ளும் தொட்டிகள் தேவை. தொட்டிகளின் இடைவெளியும் தீயணைப்பு ஏற்பாடும் இங்கிருந்தே பிறக்கின்றன.

இறுதியாக விலை. மத்திய அரசின் 1992 விதிமுறை கட்டணத்தை இரண்டாகப் பிரித்தது. ஆண்டுக்குச் சுமார் 6,000 மணி நேர முழு உற்பத்திக்கு ஈடான 68.5 சதவீதத் திறன் பயன்பாட்டை எட்டினால், முதலீட்டாளருக்குப் பங்கு மூலதனத்தில் 16 சதவீத வருவாய் உட்பட நிலைக் கட்டணம் முழுமையாகக் கிடைக்கும். எரிபொருள் செலவு தனியே. அது மின்சாரத்தை வாங்கும் மின்வாரியத்தின் தலையில். 1998 இறுதியில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்குச் சுமார் 10 டாலராக இருந்தது. 2008 ஜூலையில் 145 டாலரைத் தாண்டியது. எண்ணெய் விலையேற்றம் முழுவதும் மின்வாரியத்தின் மீது விழுந்தது. மலிவான மின்சாரத்தை முதலில் வாங்கும் முறையில் இந்நிலையங்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டன. ஓடாத நேரத்திலும் நிலைக் கட்டணச் சுமை இருந்தது. 15 ஆண்டு ஒப்பந்தங்களின் காலம் 2010-களின் நடுவில் முடிவுக்கு வந்தது.

இந்த நிலையங்களில் தோற்றது பொறியியல் கணக்கு அல்ல. எஞ்சின் தேர்வும் நீர் ஏற்பாடும் திறமையானவை. எண்ணெய் விலை பன்மடங்கானால் யார் ஏற்பது என்ற கேள்விக்கு மட்டும் ஒப்பந்தம் ஒருதலையான பதிலைத் தந்திருந்தது. எந்த மின் நிலையத்துக்கும் சாத்தியக்கூறு அறிக்கை எழுதுவோர், எரிபொருள் விலை இன்றுள்ளபடியே இருக்கும் என்ற ஒரே கணக்கோடு நிற்கக் கூடாது. அது இரட்டிப்பானால், ஐந்து மடங்கானால் யூனிட் என்ன விலைக்கு வரும் என்பதையும் அதே அறிக்கையில் எழுதிக் காட்ட வேண்டும்.