வாசுதேவநல்லூர் வட்டாரமும் தூத்துக்குடிப் பெட்டகத் துறைமுகமும்

வாசுதேவநல்லூர் தென்காசி மாவட்டத்துப் பேரூராட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இவ்வட்டாரச் சரக்குக்கு வாய்த்த துறைமுகம் தூத்துக்குடி; சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாகச் சுமார் 120 கி.மீ.

ரயிலில் அனுப்பலாமே என்று தோன்றும். சங்கரன்கோவில் நிலையம் விருதுநகர்–தென்காசிப் பாதையில் இருப்பதால், சரக்கு விருதுநகரையோ திருநெல்வேலியையோ சுற்றிக்கொண்டு வாஞ்சி மணியாச்சிக்கு வந்தபிறகே தூத்துக்குடிக்குத் திரும்ப முடியும். எனவே எல்லாம் லாரிதான்.

தூத்துக்குடி 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. இங்கே தனியார் பெட்டக முனையம் 1999இல் ஏழாம் தளத்தில் தொடங்கியது. எட்டாம் தளம் 2014இலும், ஒன்பதாம் தளம் 2024 செப்டம்பரிலும் சேர்ந்தன. கடைசியாக வந்த முனையத்தில் 14 மீட்டருக்கு மேல் மிதவை ஆழம் உண்டு. ஆனாலும் மிகப் பெரிய தாய்க்கப்பல்களுக்கு அது போதாது. அதனால் நம் பெட்டகங்களில் கணிசமானவை சிறு இணைப்புக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே இறக்கி மறுபடி ஏற்றப்படுகின்றன. இந்த இரட்டைக் கூலியும் காத்திருப்பும் கடைசியில் விளைவித்தவர் தலையில்தான் விழுகின்றன. வெளித்துறைமுகத் திட்டம் பல்லாண்டுகளாகப் பேசப்படுவதற்கு இதுவே காரணம். 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் இயற்கையாகவே ஆழம் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வழியில், ஆரியங்காவு மலைச்சாலை வளைவுகளில் நாற்பதடிப் பெட்டகம் சுமந்த டிரெய்லர் ஏறுவது எளிதல்ல.

துறைமுகத்தை ஆழப்படுத்துவது ஒரு பாதி வேலைதான். மறுபாதி, பெட்டகத்தில் சரக்கு அடைக்கப்படும் இடத்தில் இருக்கிறது. திட்டமிடுவோர் அதை மறந்துவிடக் கூடாது. இருபதடிப் பெட்டகத்தின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் ஒருவர் தனியாக அதை நிரப்புவது கடினம். பலருடைய மூட்டைகளை ஒரே பெட்டகத்தில் சேர்க்கும் பொதுக் கிடங்கு, சுங்கச் சோதனை வசதியோடு இந்தப் பக்கமே அமைந்தால் சிறு தறிக்காரரும் ஏற்றுமதியாளர் ஆகலாம்.

புளியங்குடி எலுமிச்சையின் கதை வேறு. அதற்குக் குளிர்பெட்டகம் வேண்டும்; ஆனால் குளிர் மிகுந்தால் தோலில் புள்ளி விழும். ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரியில், பறித்த நாள் முதலே வைத்துக் காக்க வேண்டும். துறைமுகத்தில் மட்டும் மின்இணைப்பு இருந்து பயனில்லை. தரம் பிரிக்கும் கொட்டகையும் குளிரூட்டும் அறையும் மண்டியை ஒட்டியே இருக்க வேண்டும்.

காலிப் பெட்டகம் இன்னொரு சிக்கல். தூத்துக்குடியிலிருந்து அதை வெறுமனே இழுத்து வந்து, நிரப்பித் திருப்பி அனுப்பினால் இருவழி வாடகை. கொல்லத்து ஆலைகளுக்குப் போகும் ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டையில் ஒரு பங்கு தூத்துக்குடியில் இறங்கித் தென்காசி வழியாகவே மலையேறுகிறது. திரும்பி வரும் அவ்வண்டிகளுக்கு இவ்வட்டாரச் சரக்கைச் சேர்த்துக் கொடுக்க முடிந்தால், வாடகையில் ஒரு வழி மிச்சம்.