கடாரத்து நெல்லும் டாக்டர் பட்டமும்

ஜித்ராவைச் சுற்றிலும் நெல் வயல்கள். 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறியபின் இம்மண் ஆண்டுக்கு இருபோகம் விளையலாயிற்று. நீர் மட்டும் போதாது. இரண்டாம் போகத்திற்கேற்ற விதையும் வேண்டும். அத்தகைய விதைகளுள் ஒன்று 1965-இல் வெளியிடப்பட்ட மாசூரி. லங்காவித் தீவின் பழங்கதைத் தலைவியின் பெயர் தாங்கிய அந்நெல்லின் வரலாறு, வேளாண்மையில் டாக்டர் பட்டத்திற்குப் புகும் மாணவரை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்னும் வினாவுக்கும் விடை தருகிறது.

ஒரிசாவின் கட்டாக்கில் 1946-இல் நிறுவப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டர், தமிழரான கே. ராமையா. நம் நாட்டு இண்டிகா நெல்லையும் ஜப்பானின் ஜப்போனிகா நெல்லையும் கலக்கலாம் என்பது அவர் முன்வைத்த யோசனை. உரத்தை ஏற்று மிகுதியாக விளையும் நெல்லைப் பெறுவதே நோக்கம். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில், 1950-களில் பல நாட்டு நெல்வகைகள் கட்டாக்கில் கலக்கப்பட்டன. கலப்பு விதைகள் அந்தந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றிலிருந்து தம் மண்ணுக்கு உகந்ததைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்நாட்டாரைச் சார்ந்தது. 'மாயாங் ஏபோஸ்' என்னும் மலாயா நெல்லும் 'தைச்சுங் 65'-உம் கலந்து பிறந்த மாசூரி, இவ்வாறு இந்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டதே.

1954-இல் அக்கலப்புப் பணியில் ஈடுபட்ட இளைஞருள் ஒருவர் எம்.எஸ். சுவாமிநாதன். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பயிர்களோடு பழகி, டில்லியில் மரபியல் கற்று, ஹாலந்தில் உருளைக்கிழங்கை ஆராய்ந்த பின்னரே, 1952-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருளும் உருளைக்கிழங்கு இனமே. வயலும் பாடமும் முந்த, ஆராய்ச்சி பிந்தியது. திரும்பி வந்து அவர் கையிலெடுத்ததோ நெல்! ஒரு பயிரில் கற்ற ஆராய்ச்சி முறையை வேறொரு பயிருக்குச் செலுத்த முடிந்ததென்றால், அதுவே சுயமாக ஆராயும் ஆற்றலுக்குச் சான்று.

டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1958-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றபோது, இவ்வரிசையே விதியாயிற்று: முதலில் பாடங்கள், பின்னர் தகுதித் தேர்வு, அதன்பின் ஆலோசனைக் குழுவின் மேற்பார்வையில் ஆய்வேடு.

ஆயினும் விதிகள் வழியைக் காட்டுமேயன்றி நடந்து தரமாட்டா. பள்ளித் தேர்வில் வினாவுக்கு விடை முன்னமே உண்டு. ஆய்விலோ வினாவையே மாணவன் கண்டுபிடிக்க வேண்டும். பட்டுப்போன பயிரும் ஒரு செய்தி என உணர வேண்டும். வழிகாட்டி சொன்னதை மட்டும் செய்து முடித்தவன் பட்டம் பெறலாம்; ஆராய்ச்சியாளன் ஆகான்.

தமிழ்நாட்டில் 1986-இல் வெளியான வெள்ளைப் பொன்னி, மாசூரியிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுத்ததே. ஒரே கலப்பு, இரு மண்ணில் இரு தேர்வு. நல்லாசிரியர் தரக்கூடியதும் கலப்பு விதையே. தேர்வு மாணவன் தன் வயலில் தானே செய்ய வேண்டியது. வகுப்பறையில் பிள்ளை ஒரு கேள்வி எழுப்புங்கால், விடையை உடனே உரைத்துவிடாமல், "நீயே பார்த்துச் சொல்" என்னும் ஆசிரியர் அப்பயிற்சியை அன்றே தொடங்கி வைக்கிறார்.