மண்ணும் தேவையும்: சிம்பாங் ரெங்கம் வட்டாரத் தோட்டப் பயிர்களின் தேர்வு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரெங்கம் நகருக்குச் சாலை பிரியுமிடத்தில் அமைந்த ஊர் சிம்பாங் ரெங்கம். ‘சிம்பாங்’ என்னும் மலாய்ச் சொல் சந்தியைக் குறிக்கும். இவ்வட்டாரத்தின் நிலத்தோற்றத்தை உருவாக்கிய பயிர்கள் ரப்பர், அன்னாசி, செம்பனை என்பன. முன்னிரண்டும் தென்னமெரிக்காவுக்கும் மூன்றாவது மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் உரியவை. அயற்பயிர்கள் நடுபவரின் தேவைக்கேற்ப எவ்வாறு தேர்ந்து கொள்ளப்பட்டன என்பதையும், அத்தேர்வில் எவரது தேவை கருதப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற எச்.என்.ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை இடையறாது வற்புறுத்தினார். காப்பி இலாபம் தந்தமையால் அவர்கள் செவிசாய்க்கவில்லை. அவரைப் பித்தர் என்றும் எள்ளினர். அவர்களது தயக்கத்திலும் நியாயம் இருந்தது. நட்ட ரப்பர் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மேலும், பட்டையை ஆழ வெட்டினால் மரம் கெடும். ஆகவே, மரத்துக்கு ஊறு நேராவண்ணம் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். காப்பி விலை வீழ்ந்தபின், ஏனையோரும் விதை வேண்டிப் பூங்காவை நாடினர்.

வருவாயற்ற காத்திருப்பு ஆண்டுகளுக்கு அன்னாசி விடையளித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் இளம் ரப்பர் மரங்களுக்கிடையே அது ஊடுபயிராயிற்று. பிற பயிர்கள் எளிதில் தழைக்காத, புளிப்பு மிகுந்த சதுப்பு மண்ணிலும் வளர்ந்தமையால் பின்னர்த் தனிப்பயிராகவும் நிலைபெற்றது.

செம்பனையின் வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. மண்ணும் மழையும் ஒத்திருந்தும் காய்ப்புக் குறைந்தது. தொழிலாளர் மரந்தோறும் சென்று மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டியிருந்தது. தாயகத்தில் அப்பணியைச் செய்த சிறு வண்டு இங்கு இல்லாமையே காரணம் எனப் பின்னர்த் தெளிந்தது. கேமரூனிலிருந்து கொணரப்பட்ட அவ்வண்டுகள் 1981இல் குளுவாங் மாவட்டத்தில் விடப்பட்டன. விளைச்சல் உயர்ந்தது, கையால் தூவும் வேலையும் அற்றுப்போயிற்று. செடியைத் தேர்வோர் அதனைச் சார்ந்த உயிர்களையும் அறிய வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மலேசியத் தமிழர் இப்பெருநிலங்களையும் வீட்டருகே செடி நடும் சிறுநிலத்தையும் ‘தோட்டம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். முன்னதில் எதை நடுவது என்று தொழிலாளரை எவரும் கேட்கவில்லை. பின்னதில், லயத்தின் பின்புறத்தில், கறிவேப்பிலையையும் முருங்கையையும் செம்பருத்தியையும் அவர்களே தேர்ந்து நட்டனர். சமையலும் மருந்தும் வழிபாடும் அத்தேர்வை வகுத்தன. பெருந்தோட்டப் பயிர்களின் வரலாறு ஆவணங்களில் பதிவாகியுள்ளது. லயத்துச் செடிகளின் வரலாறோ அங்கு வாழ்ந்தோர் நினைவிலேயே தங்கியுள்ளது. தோட்டங்களைவிட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்துள்ள நிலையில், அந்நினைவுகளைத் தொகுப்பது தமிழாசிரியரும் மாணவரும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.